ஆமை இன்னும் ஏரிக்குப் போகவில்லை

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

நானும் கவியாவும் நன்றாக இருக்கிறோம். பிரஷர் கூடியிருக்கிறது, எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் சொன்னபடி நீ படுத்திருக்கிறாயா, இல்லை நாங்குநேரி வெயிலில் துணி காயப்போடுகிறாயா என்பதுதான் தினமும் கவலை. போனில் பேசினால் கவியா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் போகும்போது, பஸ்ஸில் ஏறிய பிறகும், பிள்ளை கதைப் புத்தகம் வாசிப்பதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கம்பெனியில் எங்கள் லைனில் மணிக்கு எத்தனை கார் சீட் மாட்ட வேண்டும், எத்தனை முடிந்தது என்று எழுதும் போர்டு இருக்கிறதல்லவா, அதேபோல் ஒன்றை ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினேன். நாளுக்குப் பத்துப் பக்கம். முடித்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. ஒரு வாரம் முழுக்கப் பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்காதான் போட்டு உடைத்தார். "இன்னாப்பா, வூட்லயும் போர்டு மாட்டிக்கினு கீற? கொழந்த சும்மா பக்கத்தத் திருப்பிட்டு டிக் போடுது" என்றார். கவியாவைக் கேட்டேன். "அம்மா வாசிச்சா ஆமை பேசும்ப்பா. இப்ப ஆமை டார்கெட்தான் முடிக்குது" என்றாள். சுருக்கென்றது. நீ ஒப்படைத்துப் போன ஒரே வேலையையும் கெடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அன்றே போர்டை அழித்தேன். அதன் பிறகும் நான்கு நாள் அவள் புத்தகப் பக்கமே போகவில்லை.

இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். இரவில் கவியா பாஞ்சாலி அக்கா வீட்டில் படுத்துக்கொள்கிறாள், பகலில் காலாண்டு விடுமுறை என்று என்னோடு இருக்கிறாள். புதன்கிழமை மத்தியானம் அந்த ஆமைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே பாயில் படுத்து உரக்க வாசித்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்தாள். எனக்குக் கண் சொருகியது. ஏரியைத் தேடிப் போகிற ஆமை என் வாயில் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம் போய் இறங்கிவிட்டதாம். கவியா விழுந்து விழுந்து சிரித்து, "அப்படி இல்லப்பா" என்று புத்தகத்தைப் பிடுங்கித் தானே வாசிக்க ஆரம்பித்தாள்.

தூங்கினேனா விழித்திருந்தேனா, தெரியவில்லை. ஃபேன் காற்றில் ஜன்னல் திரை மெல்ல அலைந்தது. ரோட்டில் புதுக் கார்களைச் சுமந்துபோகும் லாரிகளின் சத்தம் எங்கோ தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டது. ஆமை மழையில் நடந்தது, நிலாவிடம் வழி கேட்டது. நீ இழுக்கும் இடத்தில் இழுத்து, நீ நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, உன் குரலேதான் சுகா. நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். கண் திறந்தபோது சாயங்காலம். தலைமாட்டில் சம்மணம் போட்டு அவள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் என்னைத் தூங்கவைப்பது அவள்தான். போர்டில் இப்போது ஒரு ஆமை வரைந்திருக்கிறாள், கொஞ்சம் உன் அண்ணன் சாடை.

ஆனால் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் வாசிக்க மாட்டேன் என்று துணி கிளிப் மாட்டி மூடிவைத்திருக்கிறாள். அம்மாவும் பாப்பாவும் வந்த பிறகுதான் ஆமை ஏரிக்குப் போகுமாம். நானும் எட்டிப் பார்க்கக்கூடாதாம். சத்தியமாக நான் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுக்காதே. அம்மன் துணையிருப்பாள். இரண்டு பேருமாக வந்து, அந்தக் கிளிப்பை நீயே எடு.

உன்
இசக்கிபாண்டி