மதுரைக்குப் போகாத காரணம்

தேவதானம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வல்லரசுக்கு அப்பா எழுதுவது. லடாக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. உன் அம்மாவை விட்டு வயல் பக்கம் போகத்தான் எனக்கு மனம் வரவில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அம்மாவை மதுரைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்து என்னிடம் பேசினார்கள். புற்று ஈரல் வரை பரவிவிட்டது, மதுரையில் மறுபடியும் கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் குணமாகாது என்றார்கள். உன் அம்மா கருத்தம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதுரைக்குப் போகுமுன் வலிக்கு மருந்து வாங்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் முனீஸ்வரி டாக்டரிடம் காட்டினேன். அங்கே உன் அம்மா வாந்தி எடுத்துவிட்டாள். டாக்டர் ஆளைக் கூப்பிடவில்லை. தானே துடைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "ஒங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

உன் அம்மா அழுதாள். பிறகு என்னைக் கைகாட்டிச் சொன்னாள்: "வலி தாங்க ஏலல தாயி. வெளிய சொன்னா இவிய ஒடஞ்சு போயிருவாக. மதுர வேண்டாம். எங்க வீட்டுல கெடக்கேன்."

இது கைவிடுவதாகாதா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அவர் புத்த வழியில் நடப்பவராம். கவனிக்க ஆளில்லாமல் கிடந்த ஒரு துறவியைப் புத்தரே குளிப்பாட்டிப் படுக்க வைத்தாராம். "நோயைத் தீக்க முடியாட்டியும் நோயாளிகிட்ட நமக்கு வேலை இருக்குய்யா" என்றார்.

டாக்டர் கொடுத்த மருந்தில் இப்போது வலி குறைந்து, பெரும்பாலும் தூங்குகிறாள். டாக்டர் அனுப்பும் நர்ஸ் வெள்ளைத்தாய் வந்துபோன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. டிவியைப் போடுவேன், உடனே அணைத்துவிடுவேன். நேற்று அவள் விழித்ததும், என்ன வேணும் என்று கேட்டேன். கஞ்சி கேட்பாள் என்று நினைத்தேன். "செத்த நேரம் கையப் பிடிச்சிட்டு இருங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பய பேசுனானா?" என்றாள். பேசினான் என்று சொல்லிவிட்டேன்.

அய்யா, கோபமெல்லாம் என்மேலேயே இருக்கட்டும். லீவு கிடைக்காவிட்டாலும் அவளிடம் ஒரு தடவை பேசு. காலையில் தெளிவாக இருக்கிறாள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

நீ பேசும்போது போனை அவள் காதில் வைத்துவிட்டு, நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

உன் அப்பா,
சீனிச்சாமி