அத்தை சொன்ன வலி

என் அருமை அத்தைக்கு,

நேற்று எனக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கான கடிதம் வந்தது. பிரித்துப் படித்ததும் முதலில் உங்களிடம் சொல்லத்தான் தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால், “இன்னும் படிக்கணுமாம்மா?” என்று கேட்டிருப்பீர்கள், இல்லையா?

உங்களுக்கு மார்பில் கட்டி வந்தபோது நான் ஈப்போவில் புற்றுநோய் வார்டில் தாதி. கூடவே முதுகலைப் படிப்பு. குனோங் ராபாட்டில் நீங்களும் உங்கள் மகனும் நானும் இருந்த வீட்டில், காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் கட்டிலருகே நின்று கேட்பேன்.

“வலி எவ்வளவு அத்தை? ஒன்னுமே இல்லன்னா பூச்சியம். தாங்க முடியலன்னா பத்து.”

“ரெண்டு லா. நீ கெளம்பு.”

நானும் நோட்டில் இரண்டு என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஊரார் வலியெல்லாம் தெரிந்தவள் என்று எனக்கு நினைப்பு.

ஒரு நாள் மதியமே வீடு திரும்பினேன். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினேன். வாயில் துண்டைக் கடித்தபடி, நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றீர்கள். உங்கள் முனகல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று பைப்பைத் திறந்துவிட்டிருந்தீர்கள்.

“இதுவா ரெண்டு?” என்று கத்திவிட்டேன்.

“கூடச் சொன்னா, நீ படிப்ப நிறுத்திட்டு வீட்ல உக்காந்துருவ.”

தண்ணீரை நிறுத்திவிட்டு, உண்மையில் எத்தனை என்று கேட்டேன்.

“நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு கையிலயும் பால் வாளி. மழ பேஞ்ச மேடு. எறக்கி வைக்க எடம் இல்ல. அப்படி இருக்கு.”

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் சுமந்த உடம்பு பேசியது. அதை ஒரு வார்த்தை மாற்றாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் மார்ஃபின் அளவைக் கூட்டினார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மீன் குழம்பில் புளி போதவில்லை என்று என்னைத் திட்டினீர்கள். அந்தத் திட்டு எவ்வளவு இனித்தது தெரியுமா? அதன் பிறகு நான்கு மாதம் எங்களோடு இருந்தீர்கள்.

என் ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். தோட்டத்தில் உழைத்த பெண்கள் தங்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவர், “முள்ளுக்கம்பி மேல படுத்த மாதிரி” என்றார். இன்னொருவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அதையும் எழுதிக்கொண்டேன். இன்று என்னிடம் படிக்கும் தாதி மாணவிகள் எண்ணைக் கேட்டதோடு நிறுத்துவதில்லை. “இன்னைக்கு என்ன செய்ய முடியல அக்கா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் இத்தனை வருடம் உங்களிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் கடைசி நாளில் உங்கள் மகன் அறைக்குள் வரவே இல்லை. வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நோயாளிகளின் வீடுகளுக்கு என்னையும் மாணவிகளையும் அவர்தான் காரில் அழைத்துப் போகிறார். போன வாரம் ஜெலாப்பாங்கில் ஒரு வீடு. தாய் உள்ளே படுத்திருக்க, ஐம்பது வயது மகன் கேட்டைப் பிடித்தபடி வெளியே நின்றார். நான் பேச வாய் எடுப்பதற்குள் உங்கள் மகன் இறங்கிப் போய்விட்டார்.

“அண்ணே, நானும் இப்படித்தான் வெளியவே இருந்துட்டேன். அம்மா போயிட்டாங்க. இன்னும் உறுத்துது. வாங்க, நான் கூட வாரேன்.”

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அந்த அம்மா மகனைப் பார்த்ததும் படுக்கையில் நகர்ந்து இடம் விட்டார். என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது, அத்தை.

“செல்வம் சாப்பிட்டானா?” அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது. கோபத்தில் அதை அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். இது உங்களுக்குச் செய்யும் சத்தியம்.

உங்கள் மகனோடும் உங்கள் நினைவோடும் வாழும்
மருமகள் கலா