கீறல் விழாத மஞ்சள் தொப்பி

அண்ணி,

இன்று காலை அண்ணன் உங்கள் ஹெல்மெட்டை அலமாரி மேலிருந்து இறக்கி என் மடியில் வைத்தார். குனிந்து முகர்ந்தேன். கறிவேப்பிலை போட்டு நீங்கள் காய்ச்சும் தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் அதற்குள் இருக்கிறது. கூடவே லேசாக வியர்வை, மழையில் நனைந்து காய்ந்த பஞ்சின் நெடி. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் புடவைகளெல்லாம் சோப்பு வாசத்துக்கு மாறிவிட்டன. இதை மட்டும் யாரும் துவைக்கவில்லை.

"பிள்ளைக்குச் சிரம்பான்ல வேலை கெடச்சிருக்கு. நாளையிலிருந்து மோட்டார் சைக்கிள்லதான் போவுது. இதயே போட்டுக்கிட்டுப் போவட்டும் பாப்பா. அவுங்க அம்மாவே கூடப் போற மாதிரி இருக்கும்ல," என்றார் அண்ணன். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். உங்கள் மகளும், "ஆமா அத்தை, அம்மாவோடது லா. புதுசு எதுக்கு?" என்றாள். ரஹாங்கிலிருக்கும் என் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தவள் நான். இப்படியொரு பஞ்சாயத்து என் தலையில் வந்து விழும் என்று நினைக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பீர்கள்.

நம் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு நிர்வாகம் கொடுக்கும் மஞ்சள் தொப்பியை மறந்திருக்க மாட்டீர்கள். மேலிருந்து மட்டையோ குலையோ விழுந்தால் தலைக்குக் காப்பு. அந்த வேலைக்கு அது நல்ல தொப்பிதான். ஆனால் நம் ஆண்கள் வேலை முடிந்ததும் அதே தொப்பியோடு மோட்டாரில் ஏறி, ரந்தாவ் கடைத்தெரு, கோயில், பக்கத்துத் தோட்டம் என்று சுற்றி வருவார்கள். காசு கொடுத்து வாங்கிய ஹெல்மெட்டில் நம் வீட்டுக் கோழி அடைகாத்தது. நீங்கள் கேட்டால் அண்ணனிடம் பதில் தயாராக இருக்கும். "தலையில ஏதோ ஒன்னு இருக்குல்ல? தோட்டத்துக்குள்ள எந்த போலிஸ் வரப்போறான்?"

நீங்களும் அப்போது பெரிய யோக்கியம் இல்லை, அண்ணி. கொண்டைப் பூ நசுங்கிவிடும் என்று ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிலிப்பர் காலை ஆட்டியபடி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனவர்தான் நீங்கள்.

மழை விட்ட ஒரு மதியம், சின்னப் பாலத்து வளைவில் செம்மண் வழுக்கிவிட்டது. அந்தத் தொப்பிக்குத் தாடையில் மாட்டும் வார் கிடையாது. அண்ணன் தரையில் விழுவதற்கு முன்பே அது தலையை விட்டுப் பறந்து புல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. சிரம்பான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பாரேன், ஒரு கீறல் இல்ல," என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் பிழைத்து வந்தார். நடந்தார், பேசினார், என்னைப் பழையபடி வம்புக்கு இழுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று முனீஸ்வரருக்குப் பொங்கலும் வைத்தோம். அதன் பிறகுதான் அந்த நெத்திலிச் சம்பல் தீய்ந்தது. அடுப்பில் வைத்துவிட்டு நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். அண்ணன் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா நெடி தாங்காமல் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "ஊட்டுக்குள்ளதானே ஒக்காந்திருக்கீங்க, தீயிறது தெரியல?" என்று நீங்கள் கத்தினீர்கள். "என்ன தீயிது?" என்று அண்ணன் கேட்டார்.

நீங்கள் சாமி படத்திலிருந்த மல்லிகையை எடுத்து அவர் மூக்கருகே வைத்தீர்கள். "மல்லிப்பூதானே, நல்லா இருக்கு," என்றார். நீங்கள் இன்னொரு கையால் அவர் கண்ணைப் பொத்தினீர்கள். பிறகு பூவை விலக்கினீர்கள், வைத்தீர்கள், மறுபடி விலக்கினீர்கள். "இப்ப இருக்கா, இல்லையா?" அண்ணன் கையை நீட்டிப் பூவைத் தடவித் தேடினார். அன்றைக்குத்தான் நீங்கள் அழுதீர்கள். தலையில் பட்ட அடியில் மோப்ப நரம்பு போய்விட்டது, இனித் திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். அண்ணனுக்குத் தலைசுற்றல் இருந்ததால் நீங்களே லைசன்ஸ் எடுத்து மோட்டாரை ஓட்டினீர்கள். கன்னம் அழுந்தும்படி ஹெல்மெட், கால் முழுக்க மூடிய சப்பாத்து, கையுறை, மணிக்கட்டு வரை இறங்கும் தடித்த ஜாக்கெட். இங்கே எல்லாரும் காற்றுக்குப் பயந்து ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பித்தானே மாட்டுவார்கள்? அதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. "முதுகுல தொறந்து கெடக்கு. விழுந்தா மொதல்ல உருவிக்கிட்டுப் போறது அதுதான். அது போர்வைடி, ஜாக்கெட் இல்ல." லயத்து வரிசை வீடுகள் எல்லாமே உங்களை நிலாவுக்குப் போகிறவர் என்று கேலி செய்தன. நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தீர்கள்.

பெரியம்மா மகன் கல்யாணத்துக்குப் போனோமே, அதைச் சொல்லாமல் விட முடியாது. பட்டுப்புடவையும் சிலிப்பருமாக நான் வந்து நின்றேன். நீங்கள் என்னை ஏற்ற மறுத்துவிட்டீர்கள். கடைசியில் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, புடவையைப் பையிலும் மல்லிகையைச் சாப்பாட்டு டப்பாவிலும் அடைத்துக்கொண்டு போய், மண்டபத்துக் கழிவறையில் கட்டிக்கொண்டேன். பெண் வீட்டார் என்னைச் சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்தார்கள். திரும்பும்போது உங்களோடு பேசக்கூடாது என்று சபதம் எடுத்தேன். கிளம்புமுன் என் தாடை வாருக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தீர்கள். பின்மண்டையிலிருந்து ஹெல்மெட்டை முன்னால் தள்ளி, கழன்று வருகிறதா என்றும் பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சபதம் போயிற்று.

இன்னொரு முறை என்னை ஏற்றிக்கொள்ள நீங்கள் வரும்போது, கொக்கியில் தொங்கிய என் ஹெல்மெட் ஓடும் மோட்டாரிலிருந்து உருண்டு தார்ச்சாலையில் விழுந்தது. துடைத்து மாட்டப் போனேன். நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள். "நல்லாத்தானே இருக்கு அண்ணி?" என்றேன். "வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்ள என்ன நொறுங்கிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒங்க அண்ணன் மாதிரிதான்," என்றீர்கள். அன்று மோட்டாரைத் தள்ளிக்கொண்டே இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

இவ்வளவும் மனதில் ஓடிய பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? உங்கள் ஹெல்மெட்டை உங்கள் மகள் தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, பின்னாலிருந்து தள்ளினேன். அது சறுக்கி அவள் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. உள்பஞ்சு பொடிந்து அவள் வெள்ளைச் சட்டையில் கறுப்பாகக் கொட்டியது. அண்ணன் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அண்ணி இருந்தா இதக் குடுப்பாங்களா?" என்றேன்.

அவர் மகள் சட்டையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டார். பிறகு, "அறஞ்சிருப்பா," என்றார்.

மதியம் மூன்று பேரும் என் காரில் சிரம்பானுக்குப் போனோம். அளவு பார்த்து, கன்னம் உப்பும்படி ஒன்று வாங்கினோம். கையுறை, சப்பாத்து, ஜாக்கெட்டும் வாங்கினோம். "அத்தை, நானும் நிலாவுக்குப் போறேனா?" என்று உங்கள் மகள் முகம் சுளித்தாள். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்காமல் அவள் தாடை வாருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உங்கள் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்தார், வெளிப்பக்கம் மட்டும். மேலே வைப்பதற்கு முன் என்னிடம் நீட்டினார்.

"வாசம் இருக்கா பாப்பா?"

"இருக்குண்ணே."

"என்ன வாசம்? சொல்லு."

தேங்காயெண்ணெய் என்றேன். கறிவேப்பிலை என்றேன். மழையில் நனைந்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றால் அண்ணி மேல் ஒரு வாசம் வருமே, அதுவும் என்றேன். அண்ணன் தானாகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இனி வருகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கேட்பார் என்று தோன்றுகிறது. ஒரு நாள் அது அந்தப் பஞ்சைவிட்டுப் போய்விடும், அண்ணி. போகட்டும். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவர் கேட்கும்போதெல்லாம் சொல்வேன்.