ஆறாவது தூண்

மார்ச் 2

தம்பிக்கு,

போனில் உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் கடிதம். பதினேழு வருஷமாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு இதுவே அதிகம்.

நகராட்சிக்காக ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறேன். நூலகம் ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்ததே, அதன் வரைபடம் கிடைத்தது. கூடத்தில் ஆறு தூண்கள். நான் மூன்று தரம் எண்ணினேன். ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவது நின்ற இடத்துக்கு மேலே சுவரில் விரல் நுழைகிற விரிசல். நேர் கீழே உன் அண்ணியின் மேஜை. தினமும் எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்துதான் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறாள்.

சொன்னால் சிரிக்கிறாள். "தம்பி மேல இருக்கற கோவத்தை ஏன் சுவத்துல தேடறீங்க?"

கடைசியாக அதைப் பழுதுபார்த்த இன்ஜினியர் நீ. என்ன செய்து வைத்தாய்? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அண்ணன்

மார்ச் 5

அண்ணாவுக்கு வணக்கம்.

திட்டுவதற்காவது எழுதினீர்களே.

இதைப் படித்தவுடன் அண்ணியின் மேஜையை வாசல் பக்கம் நகர்த்துங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் ஒருவரும் உள்ளே நிற்கக் கூடாது.

தூணை எடுத்தது நான்தான். பதிலுக்கு இரும்பு உத்திரம் போட்டேன். தாங்கும் என்று நம்பினேன்; முழுதாக நம்பவில்லை. நம் வீட்டுக்கு அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால்தான் வரவில்லை. மற்றது நகராட்சிக் கோப்பில் இருக்கும்.

பத்தாம் தேதி பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள் தம்பி

மார்ச் 10, நூலக வாசல்

தம்பி,

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வருவாய். உன் நம்பரை என்றைக்கோ அழித்துவிட்டேன். அதனால் இதை வாசல் கதவில் ஒட்டுகிறேன். உள்ளே போகாதே.

நீ சொன்னபடி மேஜையை நகர்த்தி, கண்ணாடியும் வைத்திருந்தேன். அது இன்று காலை ஒன்பதரைக்கு உடைந்தது. சின்னச் சத்தம்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பதினோரு பேரையும் கத்தி வெளியேற்றினேன். உன் அண்ணி முத்திரையை எடுக்கத் திரும்பிப் போனாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள். அப்போதே உள்ளே காரை கொட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் என் கையை விடவில்லை.

நேற்று நகராட்சிக் கோப்பைப் பார்த்தேன். "தூண் மேடையை மறைக்கிறது" என்று ஒரு மனு. என் கையெழுத்து. அப்போது கூடத்தில் நடக்கவிருந்த விழாவில் அந்த மேடையில் பேச இருந்தவனும் நான்தான். கீழே நீ எழுதியிருக்கிறாய்: "பாரம் தாங்கும் தூண். எடுக்கக் கூடாது." பத்து நாள் கழித்து அதை அடித்துவிட்டு, "எடுக்கலாம்." நடுவில் ஒரு நாள் உன் வாசலில் நின்று, "அண்ணன் பேச்சுக்கு உங்கிட்ட மதிப்பு அவ்வளவுதானா?" என்று கத்தினேன். யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தேதியோடு நினைவிருக்கிறது. இது மட்டும் மறந்துபோனது.

நீயும் யோக்கியன் இல்லை. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாய். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். எடுக்கச் சொன்னவன் பெயர் இருக்கிறது. எடுத்தவன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். நீயே எழுது.

எதிர் டீக்கடையில் இருக்கிறோம். சுவர் ஓரமாக வராதே, தெருவைச் சுற்றி வா.

அண்ணன்