அண்ணா ஒப்பித்த என் அபிப்பிராயம்

சின்னக் காஞ்சிபுரம்
ஸ்ரீமுக வருஷம், தை மாதம்

பம்பாயில் வாசம் செய்யும் சௌபாக்கியவதி வத்ஸலாவுக்கு, உன்னை அனுப்பிவிட்டு வம்புக்கு ஆளில்லாமல் தவிக்கும் மங்கை எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியத்துக்கு ஒரு படி மேலே இருக்கிறேன். ஜெயித்துவிட்டேனடி! உட்கார்ந்து படி.

நீ கல்யாணமாகி ஊரை விட்டுப் போன பிறகு நம் சந்நிதித் தெரு வாசகசாலையில் ஒரு சட்டம் வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையில் எழுந்து நின்று அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. சட்டம் போட்டவர் தலைவர் சக்ரவர்த்தி மாமா. நாவல் படிக்கிறவர்கள் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். அவருக்கு நாவல் என்றால் பழம்தான். அதுவும் தொண்டையைக் கட்டும் என்பார்.

பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. அதனால் என் புத்தகங்களெல்லாம் ஆராவமுதன் அண்ணா பெயரில்தான் வரும். படிப்பது நான், அபிப்பிராயம் சொல்ல வேண்டியது அவன். அவன்தான் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் கொட்டாவி விடுகிறவனாயிற்றே! ஆனால் பிரபந்தம் சந்தை சொல்லி வளர்ந்த பிள்ளை. வாத்தியார் ஓர் அடியை ஒரு தரம் சொன்னால் இவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்வான். பிறகு ஆயுசுக்கும் மறக்க மாட்டான். அர்த்தம் மட்டும் அவனைக் கேட்கக் கூடாது. நான் கிணற்றடியில் வாத்தியார் ஆனேன். நான் ஒரு தரம், அவன் இரண்டு தரம். அம்மா ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணாவின் புகழ் பரவிவிட்டது. சமையல் புத்தகத்துக்கு அவன் சொன்னது: "உப்பு எவ்வளவு என்று தேடினால் தகுந்த அளவு என்கிறார். தகுந்த அளவு தெரிந்தவர்கள் இந்தப் புத்தகத்தை எதற்காக வாங்க வேண்டும்?" பர்மா யாத்திரைக்கு: "ஆசிரியர் பர்மாவைப் பார்த்ததைவிடக் கப்பலில் வாந்தி எடுத்ததே அதிகம். பாதிப் புத்தகம் கடலில் போயிற்று." மாட்டு வைத்தியத்துக்கு: "ஒரு கையால் மாட்டைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியதை இரண்டு கையாலும் தூக்க முடியாத கனத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்." பிள்ளையார்பாளையத்திலிருந்து தறி வேலையை விட்டுவிட்டு, இதைக் கேட்பதற்கென்றே துரைக்கண்ணு முதலியார் வர ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில் என் தலையில் இடி. அண்ணாவுக்குச் சென்னையில் உத்தியோகம் ஆகிவிட்டது. மாசியில் போகிறான். அவன் போனால் என் புத்தகமும் அவனோடு ரயிலேறிவிடும். பெண்களையும் அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும் என்று நானும் நம் தோழிகள் தேவகியும் சம்பூர்ணமும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். மாமா ஒரே வரியில் தள்ளிவிட்டார். அபிப்பிராயம் சொல்லாதவர்களுக்குப் புத்தகம் கிடையாது. பெண்களுக்கோ சபையில் சொல்ல ஓர் அபிப்பிராயமும் இராது. ஆகவே சட்டப்படி முடியாதாம்.

சட்டமா? இரு, பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அண்ணாவின் அடுத்த பாடத்தில் ஓர் அடியைக் கூட்டி வைத்தேன்.

போன வாரம் ஆண்டு விழா. அன்றைக்கு மட்டும் பெண்கள் கூடத்தின் பின்பக்கம் உட்காரலாம். ஊரிலேயே சிறந்த வாசகன் என்று அண்ணாவுக்குப் பட்டுச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. மாமா முழங்கினார்: இந்தப் பிள்ளையைப் போல அபிப்பிராயம் சொல்லக்கூடியவர் யார் வந்தாலும் இந்த வாசகசாலையின் கதவு திறந்தே இருக்கும் என்று. நான் தேவகியின் தொடையைக் கிள்ளினேன். பாவம், கத்திவிட்டாள்.

அண்ணா எழுந்தான். அன்றைய புத்தகம் 'மூன்றாவது குடை' என்ற துப்பறியும் நாவல். கண்ணை மூடிக்கொண்டு, கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சொல்ல நிற்கிற மாதிரி ராகத்தோடு ஆரம்பித்தான்: "கொலைகாரன் யார் என்று கடைசிவரை ஊகிக்க முடியவில்லை. அடுப்படியில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பால் பொங்கி வழிந்ததும் தெரியவில்லை. என் பாவாடை நுனியில் பொறி விழுந்து ஓட்டையானதும் தெரியவில்லை."

கூடத்தில் குபீர் என்று சிரிப்பு. அண்ணாவோ பாடம் தப்பிவிட்டது என்று நினைத்து, சந்தைப் பழக்கத்தில் அதே அடியை மறுபடியும் எடுத்தான், இந்தத் தரம் இன்னும் உரக்க: "என் பாவாடை நுனியில்!"

மாமா எழுந்துவிட்டார். ஏண்டா ஆராவமுதா, நீ எப்போடா பாவாடை கட்டிண்டே என்று கேட்டார். அண்ணா கண்ணைத் திறந்து, சாதுவாக, எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா, மங்கையைக் கேளுங்கோ, எல்லாப் பாடமும் அவதானே சொல்லித் தரா என்று போட்டு உடைத்தான். எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. நானும் மரியாதைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

முதலில் பேசியவர் துரைக்கண்ணு முதலியார். "பாவாடை சொன்னா இன்னா, வேட்டி சொன்னா இன்னாபா? சொன்னது மெய்தானே! நானும் அந்தப் பொஸ்தகத்த நெனச்சிக்கினு தறியில ஓட்ற நாடாவக் கை தவறி வுட்டேன். யாரு வந்தாலும் கதவு தொறந்திருக்கும்னு இப்பதானே சொன்னீங்க சாமி?"

மாமா சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நம் ரமாமணி மாமியடி! அவர் வீட்டுக்காரியேதான்! "மங்கை சொல்றது எனக்குச் சம்மதமில்லை. கொலைகாரன் யாருன்னு குடையை மாத்தி வைக்கறச்சேயே தெரிஞ்சுடறதே" என்றாள். தகாத புத்தகமா என்று சோதிக்க மாமா வீட்டுக்கு எடுத்துப் போவதையெல்லாம் மாமி அவருக்கு முன்னால் சோதித்துவிடுகிறாளாம்!

நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்றேன். குடை மாறியது கவனக்குறைவு, மாமி. எனக்கு வேலைக்காரன்மேல்தான் சந்தேகம் வந்தது என்றேன். கொலை செய்தது இடது கை, வேலைக்காரனுக்குத்தான் இடது கை வராதே என்றாள் மாமி. சம்பூர்ணம் குறுக்கே வந்தாள். அத்தனை ஆண்களும் திரும்பி உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்தார்கள். மாமி, அப்படியானால் குடைக்குச் சொந்தக்காரர் யார் என்றால்... என்று ஆரம்பித்தாளோ இல்லையோ, மேடையிலிருந்து மாமா அலறினார்: "ரமா, முடிவைச் சொல்லித் தொலைச்சுடாதே! நான் இன்னும் பாதியிலே இருக்கேன்!"

அவ்வளவுதான். கைதட்டலில் ஓடு பறந்திருக்கும். சால்வையை அண்ணாவுக்கே போர்த்தினார்கள். பாடம் சுத்தம் என்று நானும் கைதட்டினேன். அங்கத்தினர் சீட்டுகள் எங்களுக்கு அங்கேயே எழுதப்பட்டன. நேற்று வெள்ளிக்கிழமை முதல் தடவையாக என் அபிப்பிராயத்தை என் வாயாலேயே சொன்னேன். நாக்கு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

இனி உன் விஷயம். சீட்டு எழுதும்போது உன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பம்பாயில் இருக்கிறவள் எப்படி அபிப்பிராயம் சொல்வாள் என்று மாமா கேட்டார். தபாலில் சொல்லுவாள், எழுதுங்கோ என்று மாமி அதட்டினாள், எழுதிவிட்டார். இதோடு வருகிற புத்தகம் உன் சீட்டில் எடுத்தது.

உன் போன மூன்று கடிதங்களிலும் ரசம், அப்பளம், மாமியாரின் முழங்கால் வலி. எழுத்து உன்னுடையதுதான்; உள்ளே உன்னைத்தான் காணோம். எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்துக்காக என்னோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவள் நீதானே? இந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறது என்று எழுது, குப்பை என்று எழுது, என்னைத் திட்டியாவது எழுது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரே ஒரு வரி. அதை வெள்ளிக்கிழமை சபையில் நின்று, உன் பெயரைச் சொல்லி, நான் வாசிப்பேன்.

பெருந்தேவித் தாயார் உனக்கு வெளிச்சமுள்ள ஒரு ஜன்னலும், யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானமும் கொடுக்கட்டும்.

தபால்காரனை வழிமறித்து நிற்கப்போகும்,
மங்கை