ஒரே ஓட்டை உள்ள டிவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் இருமல் விட்டதா? அப்பாவின் கண்ணைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. புது டிவி அனுப்பப் போவதாக நீ சொன்னதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. அந்த ஆர்டரை முதலில் நிறுத்திவிடு. பழைய ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும். புதுசில் வருகிற வழவழப்பான குச்சியைக் கொடுத்தால் சத்தம் கூட்டக்கூட என்னைத்தான் கூப்பிட வேண்டும். "இதுக்கும் நீதானா?" என்று அவர் கேட்பதை என்னால் தாங்க முடியாது.

போனில் உன் முகம் அவருக்கு வெறும் வெளுத்த வட்டம். அதற்காகத்தானே, டிவியில் உன்னைப் பெரிதாகப் பார்த்துப் பேசட்டும் என்று, கேமரா வைத்த அந்தப் பெட்டியை அனுப்பினாய்? ஆனால் நம் டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றுதான், அதில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் அதைப் பிடுங்கி இதைச் செருகுவது அவரால் ஆகிற காரியமா? செட்டாப் பாக்ஸின் பின்னால் மூன்று கலர் ஓட்டைகளும் இருப்பதைப் பார்த்து, சிவப்பு வெள்ளை மஞ்சள் வயர் வாங்கி வந்தேன். டிவியில் சிவப்பு இருக்கிறது, வெள்ளை இருக்கிறது, பச்சையும் நீலமும்கூட இருக்கிறது, மஞ்சளைக் காணோம். வாழ்நாள் முழுக்க நிறத்துக்கு நிறம் நூல் கோத்துத் தைத்தவள் நான், வேறு நிறத்தில் செருகக் கை வருமா? வயர்தான் தப்பு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அக்கா, இத மியூசியத்துக்குக் குடுத்துட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். வந்த கோபத்தில் அதே வயரோடு வீடு திரும்பி, டிவியைச் சுவரிலிருந்து நகர்த்தி, தையல் மெஷின் விளக்கைக் கழற்றிப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். பச்சை ஓட்டையைச் சுற்றிப் பாதி வட்டம் மஞ்சள் பூசியிருந்தது, தூசியில் மறைந்து. மனசே இல்லாமல் மஞ்சளைப் பச்சையில் செருகினேன். படம் வந்துவிட்டது! முன்பைவிடக் கொஞ்சம் மங்கல்தான். அப்பாவிடம் சொன்னதற்கு, "என் கண்ணுக்கு எல்லாம் ஒரே தரம்தான், விடுடி" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

காலியான எச்டிஎம்ஐயில் உன் பெட்டியை மாட்டிவிட்டேன். சானலிலிருந்து உன் பெட்டிக்கு மாற்றுகிற ரிமோட்டின் சோர்ஸ் பொத்தானில் துணிப் பசையை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தேன், விரலுக்கு மேடு தட்டட்டும் என்று. அதை அமுக்கி, நடுவிலிருக்கும் ஓகேயைத் தட்டினால் நீ திரையில் வந்துவிடுவாய். இன்று மத்தியானம் அடுக்களையில் நின்று என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பெட்டியில் மணி அடித்தது. முதலில் ஏதோ தப்பாக அமுக்கிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். ஓடிப்போகக் கால் துடித்தது, போகவில்லை. கொஞ்ச நேரத்தில், "யாருடி இது, இவ்ளோ பெரிய மூக்கு?" என்று கூடத்திலிருந்து கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார். கஷாயம் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே: அன்றைக்கு நான் எழுந்து வரமாட்டேன், அப்பாதான் எடுப்பார். தடவிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா