மாத்திரை தின்ற எலிகள்

12 ஆகஸ்ட் 1976, வியாழன். செங்கல்பட்டு.

நான்காவது தடவையும் சோதனை அப்படியே வந்தது. சர்க்கரை நோய் வந்த எலிகளின் தசையில், சர்க்கரையைச் செலவழிக்க உதவும் என்சைம் மந்தமாகிக் கிடந்தது. இன்சுலின் இருந்தும் அது அசையவில்லை. சர்க்கரை நோய் மாத்திரை கொடுத்த எலிகளில் மட்டும் அது நன்றாகவே வேலை செய்தது.

ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவும் முனியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் சர்க்கரைதான். கால் புண் ஆறவில்லை என்று வெறுத்துப்போய், ஒரு மாதமாக அதே மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். டாக்டரைப் பார்க்க நான் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

"மாத்திர துன்ன எலிக்கு நல்லாகீதாம்மா?"

"நல்லா இருக்கு முனியம்மா. ஆனா மனுஷ உடம்புலயும் இப்படித்தான் நடக்கும்னு இப்பவே சொல்ல முடியாது."

அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலியே தேறிகினு வருது. நான் மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டு குந்திகினு கீறேன்? நாளிக்கு டாக்டராண்ட போலாம். நீயும் கூட வாம்மா."

சரி என்றேன். காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூட வாசலுக்கே வரச் சொன்னேன்.

அந்தப் புண் ஆறுமா, தெரியவில்லை. மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதிலும் பாதிதான் எனக்குப் புரிந்திருக்கிறது. ஆனாலும் காலை எட்டு மணிக்கு அவள் வந்துவிடுவாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.